திறக்கக் கூடாத பெட்டி

நவம்பர் 4, செவ்வாய்

சுடலைமுத்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டான். யாருக்கும் சொல்லாமல், என்னையும் கூப்பிடாமல், தனியாக.

இது சந்தேகம் இல்லை. இன்று மதியம் கேண்டீனில் அவனே சொன்னான், சொல்கிறோம் என்று தெரியாமலே. உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டு, "இடது பக்கம் நல்லாத்தான் ஏறுது கோதை. வலது பக்கந்தான் சட்டுனு மொட்டையா விழுது. அதுக்கு என்ன ஃபார்முலா போடன்னுதான் தெரியல" என்றான். பிறகு உப்பு கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வலது பக்கத்தைப் பார்த்தவர் இன்றைய தேதியில் உலகத்தில் யாரும் இருக்கக் கூடாது.

போன வாரம் அப்பா போனில் கேட்டார், "அங்க இன்னாதாம்மா பண்றீங்க?" என்று. ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்பில் ஷிஃப்ட் முடித்து வந்த களைப்போடு கேட்டார். சொன்னேன். பூமிக்கு அடியில் ஒரு வட்டச் சுரங்கம். அதில் புரோட்டான்களை இரண்டு திசையிலும் ஓடவிட்டு மோதவிடுகிறோம். மோதும் இடத்தைச் சுற்றி ஐந்து மாடி உயரத்துக்கு டிடெக்டர். என்றைக்காவது ஒரு மோதலில் புதிய, கனத்த துகள் ஒன்று பிறக்கலாம். பிறந்த இடத்திலேயே அது செத்துவிடும். அதை யாரும் பார்க்க முடியாது. அது சிதையும்போது வரும் மியூவான் என்ற இரண்டு சிறு துகள்கள்தான் டிடெக்டரின் கடைசிச் சுற்று வரை வந்து சேரும். வழியில் காந்தம் அவற்றை வளைக்கும். உந்தம் அதிகமானால் வளைவு குறைவு. ஆக, வளைவை அளந்தால் உந்தம் தெரியும்; இரண்டின் உந்தமும் இடையில் உள்ள கோணமும் தெரிந்தால் தாயின் நிறையைக் கணக்குப் போட்டுவிடலாம்.

"அப்ப ஆத்தாளைப் பாக்காமயே, புள்ளைங்கள வெச்சு ஆத்தா எடையச் சொல்றீங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு ஜோடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சம்பந்தமே இல்லாத இரண்டு மியூவான்கள் சேர்ந்து வந்தாலும் கணக்கில் ஏதோ ஒரு நிறை கிடைக்கும். அதனால் எண்ணற்ற மோதல்களின் விடைகளை ஒரே வரைபடத்தில் அடுக்குகிறோம். தற்செயல் ஜோடிகள் வழவழப்பான சரிவாக இறங்கும். உண்மையிலேயே ஒரு துகள் இருந்தால், சரிவின் நடுவே ஒரே இடத்தில் குன்று எழும்பும். குன்று நிற்கும் இடம் துகளின் நிறை. குன்று அகலமானால் துகளின் ஆயுள் குறைவு.

எந்த மோதலை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற நிபந்தனைகளை நாங்கள்தான் வகுக்கிறோம். குன்றைப் பார்த்துக்கொண்டே வகுத்தால் கை தானாகக் குன்றை உயர்த்தும். அயோக்கியன் கை மட்டுமில்லை, யோக்கியன் கையும். அதனால் நிபந்தனைகள் முடிவாகும் வரை குன்று இருக்கக்கூடிய இடத்தை மறைத்து வைப்போம். வரைபடத்தின் நடுவே வெள்ளையாக ஒரு பெட்டி. பூட்டெல்லாம் கிடையாது. நிரலில் ஒரே ஒரு வரி. அதை எடுத்துவிட்டால் எல்லாம் தெரியும். யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் பூட்டு. ஒருநாள் எல்லோரும் கூடிப் பெட்டியைத் திறப்போம். திறந்தபின் எதையும் மாற்றக் கூடாது. வேலை செய்த மாணவர்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது இங்கே வழக்கம். நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு விரல் என்று பேசி வைத்திருந்தோம்.

எந்திரம் ஜூலையோடு நின்றுவிட்டது. இனி ஓடாது. புது மோதல் கிடையாது. இந்த ஒரு பெட்டிதான் எங்களுக்கு.

நவம்பர் 5, புதன்

கேட்கவில்லை. துணி துவைத்தேன். அவனுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் என் கூடையில் கிடந்தது. அதையும் துவைத்துத் தொலைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அரிசி தீர்ந்துவிட்டது. பேருந்தில் எல்லை தாண்டிப் போய் வாங்கி வந்தேன். எப்போதும் இரண்டு பேரும் போவோம். மூட்டையை அவன் தோளில் போட்டுக்கொண்டு, "பாஸ்போர்ட்டு காட்டி அரிசி வாங்குத ஒரே ஆளுக நாமதான்" என்பான். கோவில்பட்டிக்காரன். நான் 'இன்னா' என்றால் அவன் சிரிப்பான். அவன் 'என்னத்த' என்றால் நான் சிரிப்பேன்.

வழியில் டிடெக்டர் இறக்கிய குழி தெரிந்தது. இப்போது அதே வழியாகத் துண்டு துண்டாக வெளியே எடுக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு நடுவில் கிரேன், பக்கத்தில் மாடுகள். மியூவான்களைப் பதிவு செய்யும் பலகை ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் 'சோம்பேறி'யோ என்று கழுத்தை வளைத்துப் பார்த்தேன். பேருந்து திரும்பிவிட்டது.

வந்த முதல் வருடம் எங்களுக்குக் கொடுத்த வேலை புதுத் துகளைத் தேடுவது இல்லை. பழைய துகளைச் சரிபார்ப்பது. இசட் என்ற துகளின் நிறையும் அகலமும் ஊரறிந்தவை. அது நம் டிடெக்டரிலும் அதே இடத்தில், அதே அகலத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் மேலே போக முடியாது. எங்கள் இசட் குன்று இருக்க வேண்டியதைவிட அகலமாகப் படுத்துக் கிடந்தது. ஏன் என்று தெரியவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினோம். நேர்மின் மியூவான் ஒரு பக்கம் வளையும், எதிர்மின் மியூவான் மறுபக்கம். ஒரு மதியம் சுடலை இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, டிடெக்டரின் ஒவ்வொரு மூலையாக வரைந்து பார்த்தான். ஒரு மூலையில் மட்டும் நேர்மின் மியூவான்கள் கூடுதல் உந்தத்தோடும் எதிர்மின் மியூவான்கள் குறைந்த உந்தத்தோடும் வந்தன.

"ஏ கோதை! ஒருத்தன் நகந்து உக்காந்துருக்கான்!"

பராமரிப்புக்குப் பிறகு ஒரு பலகை முடியிழை அளவு இறங்கியிருந்தது. கணினியோ அது பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. திருத்தினோம். இசட் குன்று கண்ணெதிரே ஒல்லியாகி நிமிர்ந்து நின்றது. அந்தப் பலகைக்குத்தான் சோம்பேறி என்று பெயர் வைத்தோம். நான் அந்த அறையில் கத்திய கத்தலுக்குப் பக்கத்து அறை இத்தாலிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மதியம் ஒன்று இருந்ததா என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் கிடைக்காது. எல்லோரும் ஊருக்குப் போவார்கள். போய்வர வக்கில்லாதவர்கள் கையைத் தூக்குவோம். மூன்று ஈஸ்டரும் நானும் அவனும்தான். திரையில் ஒவ்வொரு மோதலும் மத்தாப்பாகச் சிதறும். அவனுடைய டப்பாவில் எலுமிச்சை சாதம் இருக்கும். எங்கள் பேராசிரியர் வேதாந்தம் சார் வீட்டம்மா போனில் ஒருதரம், "முத்துவை அண்ணான்னு கூப்பிடேன், ஒரு வயசு மூத்தவன்தானே" என்றார். நான் கூப்பிடவில்லை. பழக்கம் இல்லை.

இப்படி எழுதிக்கொண்டே போனால் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டேன்.

நவம்பர் 12, புதன்

வேதாந்தம் சார் வந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் அவர்தான் ஆய்வு நெறியாளர். ஊரில் எங்கள் நிறுவனத்திலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். கடைசியாக வந்தது ஆகஸ்டில். கை நிறைய முறுக்கு, பருப்புப்பொடி. என் முதல் குளிர்காலத்தில், செருப்போடு பனியில் நின்ற என்னையும் சுடலையையும் கடைக்கு அழைத்துப் போய் ஷூ வாங்கிக் கொடுத்தவர். அதை மறக்க மாட்டேன்.

அவனை முத்து என்றுதான் கூப்பிடுவார். "சுடலைன்னு ஒரு செமினார்ல எப்படிப்பா கூப்பிடறது?" என்று சேர்ந்த அன்றைக்கே சிரித்துக்கொண்டு மாற்றிவிட்டார். இங்கே உள்ள வெள்ளைக்காரர்கள் நாக்கைச் சுழற்றி, வியர்த்து, 'சுடாலாய்மூத்து' என்று முழுப் பெயரையும் சொல்லப் பார்க்கிறார்கள். பெயரில் சுடுகாடு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. சாருக்குத் தெரியும்.

இன்று உற்சாகமாக இருந்தார். "டிசம்பர்ல திறந்துடலாம்மா. நம்ம ஊர்லேர்ந்து ஒரு சின்ன குரூப். பெரிய பெரிய தேசமெல்லாம் பார்த்துண்டிருக்கப்போறது."

"ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம் சார்."

"இருக்கும்மா. இருக்கும்."

சுடலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நிபந்தனையை, எங்கள் பேச்சில் ஒரு 'கட்'டை, இறுக்கினோம். மியூவானைச் சுற்றி மற்றத் துகள்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கலாம் என்ற நிபந்தனை. சுடலைதான் கொண்டு வந்தான். கணினியில் உருவாக்கிய போலி மோதல்களில் நன்றாக வருகிறது என்றான். எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அவன் சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். விடுதியில் இந்த மாடியில் உள்ளவர்களுக்கு ஒரே சமையலறை. அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"பார்த்தியா?"

"எதை?"

"நடிக்காத. பெட்டியத்தான்."

கத்தி நிற்கவில்லை. "ஆமா."

"எப்போ?"

"ஆகஸ்ட்ல."

"இன்னாத்துக்கு?"

"கண்ணு இருந்துச்சு. பார்த்தேன்."

"ஜோக்கடிக்காத. அதுக்கு அப்புறம்தான அந்தக் 'கட்'டை மாத்தின? சிமுலேஷன்ல நல்லா வருதுன்னு என்கிட்ட அளந்த."

"சிமுலேஷன்லயும் நல்லாத்தான் வந்துச்சு. அது பொய்யில்ல புள்ள. ஆனா, பார்க்காம இருந்திருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். இப்போ எது நானா யோசிச்சது, எது பார்த்ததால வந்ததுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல. பார்த்ததை எப்படிப் பார்க்காம ஆக்குறது, சொல்லு."

"சார்கிட்ட சொல்லப் போறேன்."

அப்போதுதான் கத்தியை வைத்தான். சிரித்தான். "சொல்லேன். மொதல்ல அவருகிட்டயே போய்ச் சொல்லு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. செய்வதையும் செய்துவிட்டுத் திமிர்.

இந்தச் சமையலறையில்தான் முதல் பொங்கலுக்கு நெத்திலிக் கருவாடு வறுத்தோம். தீ எச்சரிக்கை மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்து, தலைக்கவசம் போட்ட ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "யார் செத்தது?" என்று கேட்டார். "மீன்தான் ஐயா, ரொம்ப நாளாச்சு" என்று சுடலை மரியாதையாகப் பதில் சொன்னான். இன்றைக்கு அவன் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தான். சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

என்னை ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை. அது ஒரு கேள்வியே இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். முதலில் எழுந்து கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார்.

"வேற யாருக்கும்மா தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"பாரும்மா. குன்னு இருக்குன்னா இருக்கு. அவன் பார்த்ததால அது வந்துடல."

"கட் மாறிச்சே சார். பார்த்த பிறகுதான் மாறிச்சு."

"நியாயமான மாற்றம். நானே அப்ரூவ் பண்ணினேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிசம்பர் வரைக்கும் இதை அப்படியே விட்டுடு. முதல் தலைமுறைப் பசங்களுக்கு ஒரு அவசரம் இருக்கும், சீக்கிரம் ஏதாவது சாதிச்சுக் காட்டணும்னு. நாமதான் பெருந்தன்மையா நடந்துக்கணும்."

"நானும் முதல் தலைமுறைதான் சார்."

"நீ வேற."

எந்த வகையில் வேறு என்று சொல்லவில்லை. கூடையில் அழுகாத தக்காளியைத் தனியாக எடுத்து வைப்பது மாதிரி என்னை எடுத்து வைத்தார். ஐந்து வருடமாக இந்த மாதிரிப் பாராட்டுகளைக் கேட்டுப் பழகிவிட்டேன். இன்றைக்கு நன்றி சொல்லாமல் எழுந்து வந்தேன்.

சார் அதிர்ச்சி அடையவில்லை. அந்த நிதானம் வயதினால் வரும் போலிருக்கிறது.

நவம்பர் 19, புதன்

ஹெல்காவிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

ஹெல்கா எங்கள் அளவீட்டைப் பரிசோதிக்கும் உள் குழுவின் தலைவி. ஜெர்மன்காரி. சிரிக்காமல் நல்லது செய்கிறவள். ஏன் போய்ச் சொன்னேன் என்று எழுதி வைக்க வேண்டும், பிற்பாடு எனக்கே மறந்துவிடக் கூடாது. ஒரு பொய்க் குன்றை நாங்கள் அறிவித்தால், அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டு உலகம் முழுக்க எத்தனையோ பேர் வருடக் கணக்கில் ஓடுவார்கள். எங்களை மாதிரிப் பிள்ளைகள், தங்கள் ஆய்வேட்டை அதன் மேல் கட்டுவார்கள். அதனால் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

இன்று ஹெல்கா அறையில் கூட்டம். நாங்கள் நான்கு பேர் மட்டும்.

சார் முந்திக்கொண்டார். "எனக்கு இது பேரதிர்ச்சி. மாணவர் தன்னிச்சையாகச் செய்த காரியம். எங்கள் நிறுவனம் உரிய நடவடிக்கை எடுக்கும்." என்னிடம் பேசிய பெருந்தன்மை மூன்று நாளில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஹெல்கா சுடலையிடம், "நீ செய்தாயா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"ஆகஸ்டில்?"

"ஆமாம்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. முடிவைச் சொன்னாள். ஆகஸ்டுக்கு முன்பு இருந்த நிபந்தனைகளுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அவற்றைக் கொண்டே பெட்டியைத் திறக்க வேண்டும். அவனுடைய கணினி அனுமதி இன்றோடு நிறுத்தப்படும். அவன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அதில் இருந்த படத்தில் அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. வந்த புதிதில் எடுத்தது. அன்றைக்கு என் படத்தில் கண் மூடியிருந்தது. திரும்ப எடுக்கச் சொல்லி அவன்தான் சண்டை போட்டான்.

வெளியே வந்தபோது பேசுவான் என்று நினைத்தேன். "பழைய கட் எல்லாம் ஜூலை ஃபோல்டர்ல இருக்கு. குழம்பிராத" என்றான். போய்விட்டான்.

நவம்பர் 24, திங்கள்

சார் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பெட்டி திறக்கும்போது இருக்க மாட்டாராம். முறுக்கு மிச்சம் இருக்கிறது. நமுத்துவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

திறந்தோம். முப்பது பேர் இருந்தார்கள். ஒரு விரலால் அழுத்தினேன்.

வரைபடத்தின் நடுவே வெள்ளையாக இருந்த இடத்தில் புள்ளிகள் வந்து விழுந்தன. குன்று இல்லை. ஒரு திட்டு. துகளே இல்லாத உலகத்திலும் இந்த அளவுத் திட்டு தற்செயலாக அடிக்கடி எழும். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால் சில நேரம் தொடர்ந்து தலையாகவே விழும் இல்லையா, அந்த மாதிரி. ஆகஸ்ட் நிபந்தனை அந்தத் திட்டைத்தான் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் குன்றாக நிறுத்தியிருந்தது.

வலது பக்கம் மட்டும் அவன் சொன்ன மாதிரியே சட்டென்று மொட்டையாக விழுந்தது.

ஹெல்கா, "இதுவும் அளவீடுதான். இந்த நிறையில் அப்படியொரு துகள் இருந்தால், இந்த அளவுக்கு மேல் அது பிறக்க முடியாது என்று இனி சொல்லலாம். அடுத்து தேடுகிறவர்கள் இங்கே தோண்ட வேண்டாம்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. கைகுலுக்கினேன்.

அவனுடைய கதவுக்கு வெளியே ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். தட்டவில்லை.

நவம்பர் 29, சனி

தட்டு கழுவப்பட்டு என் கதவருகே இருந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

அவனுடைய விசா நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. நிறுவனம் திரும்ப அழைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம். சாமான் கட்ட உதவப் போனேன். ஸ்வெட்டரைக் கொடுத்தேன். "தொவைச்சிருக்கியே" என்றான். மூன்று வருடம் இரண்டு பெட்டியில் அடங்கிவிட்டது. இசட் குன்று ஒல்லியாக நின்ற அன்றைக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டிய படத்தைக் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தான்.

"திட்டுதான்" என்றேன். "குன்று இல்லை."

"தெரியும். ஆகஸ்ட்லயே தெரியும். அன்னைக்குப் பழைய கட்டுதான இருந்துச்சு. பார்த்தப்போ திட்டுதான். 'கொஞ்சம் சுத்தம் பண்ணினா நல்லா எழும்பும்ப்பா'ன்னாரு."

"யாரு?"

படத்தின் ஒரு மூலை இன்னும் சுவரில் இருந்தது. அதை நகத்தால் கிள்ளினான்.

"சார் ஊருக்குக் கெளம்புற அன்னைக்கு. நீ டென்டிஸ்ட்டப் பார்க்கப் போயிருந்த. என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னாரு. டெல்லியில அடுத்த மாசம் ஃபண்டுக்குப் பேசணும், கையில என்ன இருக்குன்னு தெரியாம எப்படிப் பேசுறதுன்னாரு. 'ஒரே ஒரு தடவை பார்த்துக்குவோம்ப்பா.' நான் கையக் கீபோர்டுலருந்து எடுத்துட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. நின்னுக்கிட்டே இருந்தாரு. போகவே இல்ல."

"நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். சொல்லல. அது என் தப்பு. அத யாரு தலையிலயும் போட மாட்டேன்."

"மீட்டிங்ல ஏன் வாயத் திறக்கல நீ?"

"யாரு கேட்டா? ஹெல்கா 'நீ செஞ்சியா'ன்னு கேட்டா. நீ 'பார்த்தியா'ன்னு கேட்ட. ரெண்டுக்கும் ஆமாதான பதில்." படம் கையோடு வந்துவிட்டது. சுருட்டினான். "நானா சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ஷூ வாங்கிக் குடுத்த மனுசன் மேலயே பழி போடுதான் பாருன்னு சொல்லுவாங்க. இவனுகளைச் சேர்த்தா இப்படித்தான்ம்பாங்க. அடுத்து ஒரு சுடலைமுத்து இன்டர்வியூவுக்குப் போயி நின்னான்னு வையி, அவன் பேரப் பார்த்ததும் என்னத்த நினைப்பாங்க?"

சுருட்டிய படத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டே சொன்னான். "நீ ஹெல்காட்ட சொன்னது சரிதான் கோதை. நான் உன் எடத்துல இருந்தா நானும் சொல்லிருப்பேன். எனக்கு அதுல கோவமில்ல. ஏன் பார்த்தேன்னு நீ ரெண்டாவது தரமும் கேட்பேன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுத்தினேன், மூட வேண்டுமே. மூடியது.

டிசம்பர் 5, வெள்ளி

டிராம் நிறுத்தம் வரை போனேன். பனி. "ஈஸ்டர் ஷிஃப்டு இனி இல்ல, பாத்தியா, நிம்மதி" என்றான். டிராம் வந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் ஊருக்கு வந்து சேர்ந்ததாகச் செய்தி அனுப்பியிருந்தான். கட்டுப்பாட்டு அறைப் பக்கம் நடந்து போனேன். நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மத்தாப்பு சிதறிய பெரிய திரை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரிகிறது. அந்த அறையில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் யாருக்கும் வேண்டாத விடுமுறைகளில் வந்து காவல் காத்தவர்கள். அடுத்த எந்திரத்தைக் கட்டி முடிக்கும்போது திறப்பு விழா மேடையில் அவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். எலுமிச்சை சாதத்தின் வாசனை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு விஞ்ஞானிக்குத் தோன்றக் கூடாது.

டிசம்பர் 9, செவ்வாய்

சாருக்கு இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை. போன் எடுக்கவில்லை. சார் வீட்டம்மா எடுத்தார், குளிக்கிறார் என்றார். மாலையில் பண்ணினேன், குளிக்கிறார் என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

இன்று திரைவழிக் கூட்டம். உள் குழுவின் இறுதி அறிக்கையை ஏற்பது ஒன்றுதான் பொருள். அளவீடு பற்றி எல்லாம் சரியாக எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் சார் கேட்டுக்கொண்டபடி ஒரு வாக்கியம்: சம்பந்தப்பட்ட மாணவர் எவருடைய அறிவுறுத்தலும் இன்றித் தன்னிச்சையாகச் செயல்பட்டார். இந்த வாக்கியம் ஏறிவிட்டால் நிறுவனம் சுடலையின் பதிவை ரத்து செய்யும். ஐந்து வருடப் படிப்பு போகும். சோம்பேறிப் பலகையைக் கண்டுபிடித்தவன் வெறும் ஏமாற்றுக்காரனாக ஊரில் உட்கார்ந்திருப்பான்.

யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று ஹெல்கா கேட்டாள். வழக்கமாக யாரும் பேச மாட்டார்கள்.

நான் பேசினேன். அவன் பார்த்தது உண்மை என்றேன். அதைச் சொன்னவளே நான்தான் என்றேன். ஆனால் கடைசி வாக்கியம் சோதித்துப் பார்க்காத வாக்கியம். ஒரு மியூவானின் வளைவைக்கூட இரண்டு பக்கமும் அளக்காமல் நாம் ஏற்பதில்லை. ஒரு மனிதனைப் பற்றி ஒரே பக்கத்தை வைத்து எழுதியிருக்கிறோம். பேராசிரியர் வேதாந்தம் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார். ஆகஸ்டில், கிளம்புகிற அன்று, அவர் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றாரா இல்லையா, நின்று என்ன சொன்னார் என்று அவரே சொல்லட்டும்.

எல்லோரும் திரையில் சாரின் கட்டத்தைப் பார்த்தார்கள். பார்த்தது தெரிந்தது, கண்கள் ஒரே பக்கமாக நகர்ந்தன. சாரின் மைக் குறி மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அதுவரை இல்லை.

"இந்தியாவில் இணைப்பு சரியில்லைபோல" என்றாள் ஹெல்கா. "அடுத்த கூட்டத்தில்..."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தமிழில் கேட்டேன்.

"சார், லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க பின்னாடி ஃபேன் சுத்தறது எனக்குத் தெரியுது. மைக்கை ஆன் பண்ணுங்க சார். சுடலைமுத்துவைப் பார்க்கச் சொன்னது யாருன்னு உங்க வாயால சொல்லுங்க."